வெட்டிய செலவு யார் கணக்கில் ஏறுகிறது?

நகர சபையொன்றின் வரவு செலவுத் திட்டத்தில் துண்டு விழுகிறது என்ற செய்தி வந்தால் எமது வியாபாரிகளில் அநேகர் சொல்லும் தீர்வு ஒன்றுதான். "ஆட்களைக் குறைக்கட்டும், செலவை வெட்டட்டும், எங்கள் தலையில் மட்டும் வரியைப் போட வேண்டாம்." வர்த்தக சங்கக் கூட்டங்களிலும் கடை வாசல்களிலும் இதை நான் எத்தனையோ தடவைகள் கேட்டிருக்கிறேன். சொல்பவர்களைக் குறை கூறவும் முடியாது. வரவுக்கு மேல் செலவு செய்யும் கடை நிலைக்காது என்பது வியாபாரிக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடமல்ல.

ஆனாலும் இந்தத் தீர்வில் ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது. சபை வெட்டிய செலவு உண்மையிலேயே இல்லாமற் போகிறதா, அல்லது வேறொருவருடைய கணக்கில் ஏறுகிறதா? இந்த வழியில் ஏற்கனவே நடந்து பார்த்த நகரங்களின் அனுபவத்தை வைத்துப் பார்த்தால், அந்தச் செலவில் பெரும் பகுதி சிறு வியாபாரியின் கணக்கில் ஏறுகிறது அல்லது சில வருடங்கள் கழித்து வட்டியோடு சபையிடமே திரும்பி வருகிறது என்பதே எனது அபிப்பிராயம். ஆகவே "வெட்டுங்கள்" என்று சொல்வதற்கு முன்னர் எதை வெட்டுகிறார்கள் என்று பார்ப்பது எமது சொந்த நலனுக்கே அவசியமாகிறது.

நியூயோர்க் கண்ட அனுபவம்

இந்த விடயத்தில் அதிகம் பேசப்பட்ட நகரம் நியூயோர்க். 1960 களின் பிற்பகுதியிலிருந்து அந்நகரம் தனது நாளாந்தச் செலவுகளுக்கே கடன் வாங்கிப் பழகியிருந்தது. சம்பளம் போன்ற செலவுகளில் ஒரு பகுதியை மூலதனச் செலவு என்று எழுதிக் கொண்டது. இனிமேல் வரப்போகும் வரியையும் மானியத்தையும் காட்டிக் குறுங்காலக் கடன் எடுத்தது. அந்தக் கடன் முதிர்ந்ததும் அதை அடைப்பதற்கு மீண்டும் கடன். எமது பாஷையில் சொன்னால், கொடுத்த செக்கைக் காப்பாற்ற இன்னொரு செக் கொடுக்கும் வியாபாரம். 1975 இல் குறுங்காலக் கடன் மட்டும் சுமார் 6 பில்லியன் டொலராக இருந்தது. அவ்வருடம் வங்கிகள் கையை விரித்து விட்டன. அப்போது மேயராக இருந்த ஆப்ரஹாம் பீம் தொழிலால் ஒரு கணக்காளர் என்பது இங்கு கவனிக்கத்தக்கது. கணக்குத் தெரிந்தவர் தலைமையில் இருந்தும் கணக்கு மறைக்கப்பட்டே வந்தது.

பணம் நின்றவுடன் வெட்டு ஆரம்பமானது. 1975 ஜூலை 1 ஆம் திகதி ஆயிரக்கணக்கான நகர ஊழியர்கள் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டனர். அவர்களில் சுமார் 5,000 பேர் பொலிஸார். துப்புரவுத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 3,000 பேர். தீயணைப்புப் படையினரும் நூற்றுக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சிய துப்புரவுத் தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். கடும் கோடையில் குப்பை தெருவில் நாறியது. சில நாட்களில் ஒரு தொகுதியினர் திருப்பி அழைக்கப்பட்டனர் என்றாலும் ஆட்குறைப்பு தொடர்ந்தது. அவ்வருடம் செப்டெம்பரில் சுரங்க ரயில் கட்டணம் 35 சதத்திலிருந்து 50 சதமாக ஏறியது. 129 வருடங்களாக இலவசமாக இருந்த நகரப் பல்கலைக்கழகத்தில் 1976 இல் கட்டணம் அறவிடப்பட்டது.

1981 நிதியாண்டில் நியூயோர்க்கின் வரவும் செலவும் சமப்பட்டன. இதை மட்டும் பார்ப்பவர்கள் "வெட்டியதால் நகரம் பிழைத்தது" என்று சொல்வார்கள். நான் கணக்கின் மற்றப் பக்கத்தையும் பார்க்கச் சொல்கிறேன்.

கணக்கின் மற்றப் பக்கம்

செலவைக் குறைப்பதற்காகத் தீயணைப்பு நிலையங்களை மூடும் வேலை 1970 களின் முற்பகுதியிலேயே தொடங்கிவிட்டது. மூடப்பட்டவற்றில் பல, சவுத் புரோங்ஸ் போன்ற, வறியவர்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதிகளில் இருந்தவை. அங்கே ஏற்கனவே தீ விபத்துகள் அதிகம். பின்னர் வந்த வருடங்களில் அப்பகுதியில் தெருத் தெருவாகக் கட்டடங்கள் எரிந்தும் கைவிடப்பட்டும் போயின. கட்டடம் போனால் குடியிருப்பவர் போகிறார். குடியிருப்பவர் போனால் மூலைக்கடைக்கு வேலை இல்லை. வரி கட்டவும் அங்கே எவரும் மிஞ்சுவதில்லை. 1970 இற்கும் 1980 இற்கும் இடையில் நியூயோர்க்கின் சனத்தொகை 8 இலட்சத்துக்கும் மேல் குறைந்தது. இதற்குப் பல காரணங்கள் உண்டு. தொழிற்சாலைகள் மூடப்பட்டதும், வசதி படைத்தவர்கள் புறநகருக்குப் போனதும் வெட்டுக்கு முன்பே தொடங்கியவை. என்றாலும் வாடிக்கையாளர் வெளியேறிக் கொண்டிருக்கும் நேரத்தில் கடை வாசலின் விளக்கை அணைப்பது வெளியேறுவதை விரைவுபடுத்தும் வேலையாகும்.

1977 ஜூலை 13 ஆம் திகதி இரவு மின்னல் தாக்கி நகரின் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அந்த ஓர் இரவிலும் மறுநாளிலும் 1,600 இற்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன அல்லது சேதமாக்கப்பட்டன. 1,000 இற்கும் மேற்பட்ட இடங்களில் தீ எரிந்தது. 3,700 இற்கும் அதிகமானோர் கைதாகினர். இதற்கெல்லாம் வெட்டுத்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. வேலையின்மையும் வறுமையும் கோபமும் அங்கே நிறைந்திருந்தன. ஆனால் அன்றிரவு களத்தில் இருந்தது ஆட்குறைக்கப்பட்ட பொலிஸ் படை, ஆட்குறைக்கப்பட்ட தீயணைப்புப் படை. நஷ்டத்தைச் சுமந்தவர்கள் தளபாடக் கடைக்காரர்கள், நகைக் கடைக்காரர்கள், சப்பாத்துக் கடைக்காரர்கள். புரூக்ளினின் புஷ்விக் பகுதியில் கடைத் தெருவொன்று அந்த ஒரே இரவில் நாசமானது. திரும்பித் திறக்காமலே போன கடைகள் பல.

நோய்த் தடுப்பிலும் இதுவே நடந்தது. நெருக்கடிக் காலத்தில் பொதுச் சுகாதாரச் சேவைகளும் காசநோய்க் கட்டுப்பாட்டுக்கான செலவும் சுருக்கப்பட்டன. 1978 இல் 1,307 ஆக இருந்த காசநோயாளர் தொகை 1992 இல் 3,811 ஆக உயர்ந்தது. எய்ட்ஸ் நோயும் வீடற்றோர் பெருகியதும் இதற்குக் காரணங்களாக இருந்தன. நோயாளியைத் தேடிப்பிடித்து முழுமையாக மருந்து கொடுக்கும் ஏற்பாடு இல்லாமற் போனதும் காரணமாக இருந்தது. நோயைத் திரும்பக் கட்டுக்குள் கொண்டுவர ஆன செலவு ஒரு பில்லியன் டொலருக்கும் மேல் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். சுரங்க ரயிலும் அப்படியே. திருத்த வேலைகளைப் பல வருடங்கள் தள்ளிப்போட்டதில் தண்டவாளங்களும் பெட்டிகளும் சீரழிந்தன. 1982 இல் தொடங்கிய புனரமைப்புக்குப் பல பில்லியன் டொலர்கள் தேவைப்பட்டன.

இவற்றைக் குறைத்த செலவு என்று எப்படிச் சொல்வது? லொறிக்கு எண்ணெய் மாற்றாமல் மாதா மாதம் சில ஆயிரம் ரூபாவை மிச்சம் பிடித்தவர், ஒரு நாள் எஞ்சினையே மாற்ற வேண்டி வந்தால் அவர் மிச்சம் பிடித்தவரா?

அணைத்த விளக்கும் களவு போன கம்பியும்

இன்னுமொரு நகரம் கொலராடோ ஸ்பிரிங்ஸ். அமெரிக்காவில் வரி உயர்வை அறவே வெறுக்கும் நகரம் என்று பெயர் பெற்றது. அதன் வருமானத்தில் பெரும் பகுதி விற்பனை வரியிலிருந்து வருவது. 2008 இன் பொருளாதார வீழ்ச்சியில் கடைகளில் விற்பனை குறைய, நகரத்தின் வருமானமும் விழுந்தது. 2009 நவம்பரில் ஆதன வரியை உயர்த்தும் யோசனையை வாக்காளர்கள் நிராகரித்தனர். 2010 இல் நகர நிர்வாகம் வீதி விளக்குகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றை அணைத்தது. பூங்காக்களில் குப்பைத் தொட்டிகளை அகற்றியது. புல்லுக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்தியது. தங்கள் வாசலில் வெளிச்சம் வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்டி விளக்கை எரிய வைக்கலாம் என்று அறிவித்தது.

நடந்தது என்ன தெரியுமா? மின்சாரம் ஓடாத கம்பங்களிலிருந்து செப்புக் கம்பியைத் திருடர்கள் உருவிக் கொண்டு போனார்கள். மின்சாரக் கட்டணத்தில் மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு பணம் கம்பியைத் திரும்பப் போடுவதற்குச் செலவானது. பிற்பாடு 2015 இல் அதே நகரத்து மக்கள், குண்டும் குழியுமாகிவிட்ட வீதிகளைத் திருத்துவதற்காக 0.62 வீத விற்பனை வரி உயர்வுக்குத் தாங்களே வாக்களித்தார்கள். வரி வேண்டாம் என்ற கொள்கையை அவர்கள் கைவிட்டதாக நான் நினைக்கவில்லை. எந்த வேலைக்கு என்று சொல்லிக் கேட்டபோது கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

இன்றைய பேர்மிங்ஹாம்

இதெல்லாம் பழைய கதை என்று ஒதுக்கிவிட முடியாது. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் மாநகர சபை 2023 செப்டெம்பரில் 114 ஆம் பிரிவு அறிவித்தலை வெளியிட்டது. சட்டம் கட்டாயப்படுத்தும் சேவைகளைத் தவிர புதிய செலவு எதுவும் இல்லை என்பதே அதன் பொருள். ஸ்பார்க்புரூக், ஸ்மோல் ஹீத், லேடிபூல் வீதி என்று எமது வாசகர்கள் சிலருக்கு உறவினர் மூலமாவது அறிமுகமான, முஸ்லிம் வியாபாரிகள் நிறைந்த நகரம் அது.

நஷ்டம் எங்கிருந்து வந்தது? பெண் ஊழியர்களுக்கு ஆண்களுக்குச் சமமாகக் கொடுக்காமல் விட்ட ஊதியம் ஒன்று. அந்தக் கடப்பாடு 650 முதல் 760 மில்லியன் பவுண் வரை இருக்கலாம் என்று அப்போது சபையே கணக்கிட்டது. மதிப்பீட்டைத் தாண்டிப் பல மடங்கு செலவான புதிய கணினிக் கணக்கு முறை இன்னொன்று. 2010 இற்குப் பிறகு மத்திய அரசின் மானியம் தொடர்ந்து குறைந்து வந்தது மூன்றாவது. இவற்றில் எதற்கும் குப்பை அள்ளுபவரோ நூலக ஊழியரோ பொறுப்பல்ல. ஆனால் வெட்டு விழுந்தது அங்கேதான். 2024 மார்ச்சில் நிறைவேறிய வரவு செலவுத் திட்டம் இரண்டு வருடங்களில் சுமார் 300 மில்லியன் பவுணைக் குறைப்பதாக இருந்தது. அதே திட்டத்தில் குடியிருப்பாளர் கட்டும் சபை வரி 10 வீதமளவில் உயர்ந்தது. கூடுதலாகக் கட்டிக் குறைவாகப் பெறும் நிலை.

பின்னர் குப்பை வண்டிகளில் ஒரு பதவியை இல்லாமல் செய்யும் திட்டத்தால் தொழிலாளர்களுடன் தகராறு மூண்டு, 2025 மார்ச்சில் முழு வேலைநிறுத்தமாக மாறியது. அம்மாத முடிவில் தெருக்களில் 17,000 தொன் குப்பை தேங்கியிருப்பதாகக் கூறிச் சபை அதைப் பாரிய அனர்த்த நிலையாக அறிவித்தது. எலித் தொல்லை செய்தியானது. வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. இங்கிலாந்தில் கடைக் கழிவை அகற்றக் கடைக்காரர் தனியாகப் பணம் கட்டி ஏற்பாடு செய்ய வேண்டும். ஆகவே உணவுக்கடைக்காரர் தனது கழிவுக்குரிய காசைக் கட்டிக் கொண்டுதான் இருந்தார். ஆனால் அவருடைய கடைக்குச் சாப்பிட வருபவர் நடந்து வரவேண்டிய தெரு குப்பையால் நிறைந்திருந்தது. கடைக்குள்ளே எவ்வளவு சுத்தமாக இருந்தும் என்ன பயன்?

ஒரு சிறு கணக்கு

விளக்கத்திற்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் வைத்துக் கொண்டவை. உங்கள் தெருவுக்கு ஏற்ப மாற்றிக் கொள்ளலாம். 100 கடைகள் உள்ள ஒரு தெருவில் சபை விளக்கை அணைத்து மாதம் ஒரு இலட்சம் ரூபா மிச்சம் பிடிக்கிறது என்று வைப்போம். இருட்டில் பெண்களும் பிள்ளைகளும் வர மாட்டார்கள். கடைகள் ஒரு மணித்தியாலம் முந்தி மூடப்படுகின்றன. அந்த ஒரு மணித்தியாலத்தில் கடையொன்றுக்கு 3,000 ரூபா விற்பனை இல்லாமற் போனால், மாதத்தில் 25 நாட்களுக்கு 100 கடைகளின் விற்பனை இழப்பு 75 இலட்சம். 10 வீத இலாபம் என்று பார்த்தாலும் ஏழரை இலட்சம் ரூபா வியாபாரிகளின் கையைவிட்டுப் போகிறது. சபைக்கு வந்தது ஒரு இலட்சம். இதைத் தவிர ஒவ்வொருவரும் சொந்தச் செலவில் விளக்குப் போட வேண்டும், காவலாளி வைக்க வேண்டும். வரி கூடவில்லை என்று நாம் சந்தோஷப்பட்டுக் கொண்டிருப்போம்.

எதை வெட்டலாம்?

பற்றாக்குறையை அப்படியே விட்டுவிடலாம் என்பது எனது வாதமல்ல. நியூயோர்க் அப்படித்தான் விட்டு வைத்தது, பிறகு ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோரை வெளியே அனுப்ப வேண்டி வந்தது. மெதுவாகச் செய்திருக்க வேண்டியதைத் தள்ளிப்போட்டதால்தான் வெட்டு அவ்வளவு கொடூரமாக அமைந்தது. ஊழியர் தொகையில் மிகையும் வீண்விரயமும் உள்ள சபைகள் உண்டு. அவற்றைப் பற்றிப் பேசத்தான் வேண்டும்.

ஆனால் நியூயோர்க்கைக் காப்பாற்றியது வெட்டு மட்டுமா? குறுங்காலக் கடனை நீண்டகாலக் கடனாக மாற்ற 1975 ஜூனில் தனியான ஒரு நிறுவனம் அமைக்கப்பட்டது. ஊழியர்களின் ஓய்வூதிய நிதியங்கள் நகரத்தின் பிணைமுறிகளை வாங்கின. தொழிற்சங்கங்கள் சம்பள உயர்வைத் தள்ளிவைக்க இணங்கின. உதவி இல்லை என்று ஒக்டோபரில் கைவிரித்த ஜனாதிபதி ஜெரால்ட் போர்ட், டிசம்பரில் வருடத்திற்கு 2.3 பில்லியன் டொலர் வரையான பருவகாலக் கடனுக்குக் கையொப்பமிட்டார். அந்தக் கடன் வட்டியோடு திருப்பிச் செலுத்தப்பட்டது. அதாவது கடன் கொடுத்தவர், ஊழியர், பயணி, மத்திய அரசு என்று எல்லோரும் ஒரு பங்கைச் சுமந்தார்கள். நொடித்த கடையைத் தூக்கி நிறுத்திய எவருக்கும் இது புதிதல்ல. முதலில் சரக்குக் கொடுத்தவர்களிடம் தவணை கேட்பார், பிறகு வரவேண்டிய கடனை வசூலிப்பார், வீட்டுச் செலவைக் குறைப்பார். தராசை விற்று வாடகை கட்ட மாட்டார்.

ஆகவே ஒரு சபை சேவையொன்றை வெட்டப் போவதாகச் சொன்னால் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பேன். முதலாவது, இந்தச் செலவு இத்தோடு முடிகிறதா, இல்லை சில வருடங்களில் பெரிதாகி வருமா? வடிகான் துப்புரவு, வீதித் திருத்தம், நுளம்பு ஒழிப்பு எல்லாம் இரண்டாம் வகை. இரண்டாவது, சபை செய்யாவிட்டால் அதை யார் செய்வார், எவ்வளவு செலவில்? நூறு கடைக்காரர் தனித்தனியே செய்வது சபை ஒன்றாகச் செய்வதைவிட எப்போதும் விலை கூடியது. மூன்றாவது, இந்தச் சேவையால் சபைக்கு வரும் வருமானம் என்ன? சந்தையைச் சுத்தமாக வைக்காத சபைக்குச் சந்தைக் கடை வாடகையும் ஒழுங்காக வராது.

எமக்கும் இதில் வேலை உண்டு

எமது நாட்டு உள்ளூராட்சி சபைகளின் சொந்த வருமானத்தில் ஆதன வரி, வியாபார உரிமக் கட்டணம், சந்தைக் கடை வாடகை என்பன முக்கியமானவை. இவற்றைப் பெருமளவில் கட்டுபவர்கள் நாம். அப்படியிருந்தும் வரியைப் பற்றி மட்டும்தான் வாய் திறக்கிறோம், செலவைப் பற்றிக் கேட்பதில்லை. தள்ளிப்போட்ட செலவு எப்படி வந்து விழும் என்பதை 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி மீதொட்டமுல்லையில் பார்த்தோம். வருடக்கணக்காகக் கொட்டிய குப்பைமேடு சரிந்து 30 இற்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்தபோது, தேர்தலுக்குப் பணமில்லை என்ற காரணமும் சொல்லப்பட்டுத் தேர்தல் தள்ளிப்போனது. 2025 மே 6 ஆம் திகதிதான் அது நடந்தது. இடையிலிருந்த இரண்டு வருடங்களில் விளக்கு எரியவில்லை, வடிகான் அடைத்திருக்கிறது என்று போய்ச் சொல்ல ஓர் உறுப்பினர்கூட இல்லாமல் அதிகாரிகளின் கதவைத் தட்டினோம். இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

சபைகளின் அடுத்த வருட வரவு செலவுத் திட்டம் வருட இறுதியில் தயாராகிறது. அதன் வரைவு பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படுவது வழக்கம். அறிவித்தல் ஒட்டப்படும், போய்ப் பார்ப்பவர் அரிது. ஒவ்வொரு வர்த்தக சங்கமும் கணக்குத் தெரிந்த இருவரை அனுப்பி, நிலுவையாக உள்ள ஆதன வரி எவ்வளவு, சபைக் கட்டடங்கள் என்ன வாடகைக்குக் கொடுக்கப்பட்டுள்ளன, வாகனத்துக்கும் எரிபொருளுக்கும் எவ்வளவு போகிறது, வடிகானுக்கும் விளக்குக்கும் குப்பைக்கும் எவ்வளவு என்று குறித்துக் கொண்டு வரச் சொல்லலாம். விபரம் தர மறுத்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக் கொண்டு "இதை வெட்டுங்கள், இதைத் தொடாதீர்கள், இதற்கு வேண்டுமானால் நாங்களும் கொஞ்சம் கூடுதலாகக் கட்டுகிறோம்" என்று சொல்லும் சங்கத்தின் பேச்சுக்கு எந்தச் சபையிலும் மதிப்பிருக்கும். வரைவு நிறைவேறிய பிறகு கடையடைப்புச் செய்து பயனில்லை. அதற்கு முந்திய வாரங்களில் போக வேண்டும்.